ஜோஷ் கிப்சன் அடித்தது 800 ஹோம் ரன்னா, 174 ஹோம் ரன்னா?

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம், கறுப்பின வீரர்கள் ஆடிய தனி லீகுகளின் கணக்கையும் சேர்த்துத் தன் சாதனைப் பட்டியலைத் திருத்தியது. அதுவரை வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடத்தில் இருந்தவர் டை காப், .367. திருத்திய பட்டியலில் முதலிடம் ஜோஷ் கிப்சனுக்கு, .372. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தவர். கறுப்பினத்தவர் என்பதால் எந்த மேஜர் லீக் அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

செய்தி வந்ததும் இரண்டு பக்கமும் குழப்பம். ஒரு பக்கம், "இறந்து 77 வருஷம் ஆனவர் திடீரென்று எப்படி முதலிடத்துக்கு வருவார், இது அரசியல்" என்றார்கள். இன்னொரு பக்கம், "பேஸ்பால் நட்சத்திரங்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் அவர் பெயர்ப் பலகையே கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் என்கிறதே, பட்டியலில் ஏன் வெறும் 174, மீதி எங்கே போனது" என்று கேட்டார்கள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: எந்த ஆட்டத்தை எண்ணுவது, அது நடந்ததற்கு என்ன ஆதாரம் என்பதில்.

முதலில் எண்களைப் படிக்கும் முறை

கிரிக்கெட்டில் சராசரி என்றால் ஒரு முறை அவுட் ஆவதற்குள் எத்தனை ரன். பேஸ்பாலில் கணக்கு வேறு. பேட்டர் அடிக்க வந்த முறைகளில் எத்தனையில் பந்தை அடித்துப் பத்திரமாக பேஸுக்கு (அவுட் ஆகாமல் ஓடி எட்ட வேண்டிய இடம்) போனார் என்ற விகிதம்தான் பேட்டிங் சராசரி. அடித்தது 'ஹிட்', அடிக்க வந்தது 'அட்-பேட்'. ஆயிரம் அட்-பேட்டில் 372 ஹிட் என்றால் .372. இன்றைக்கு ஒரு சீசனில் .300 அடித்தாலே நல்ல பேட்டர் என்பார்கள். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நான்கு பந்தைத் தப்பாக வீசி பேட்டர் சும்மா பேஸுக்கு நடந்து போனால் அது 'வாக்'. அட்-பேட் கணக்கில் சேராது. இந்த 'வாக்' பின்னால் நமக்குத் தேவைப்படும்.

சராசரி ஒரு விகிதம். ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) எண்ணிக்கை ஒரு கூட்டுத்தொகை. பாதி ஆட்டங்களின் பதிவு காணாமல் போனாலும் விகிதம் ஓரளவு தாங்கும், கூட்டுத்தொகை தாங்காது, அப்படியே சரிந்துவிடும். கிப்சன் சராசரியில் முதலிடத்திலும், ஹோம் ரன்னில் 174 என்று பட்டியலில் எங்கோ கீழேயும் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கறுப்பின லீகுகள் எங்கிருந்து வந்தன

1884ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின கேட்சர் டொலீடோ அணிக்காக அன்றைய மேஜர் லீகில் ஆடியிருக்கிறார். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கதவு மூடப்பட்டது. எழுதி வைத்த விதி கிடையாது, முதலாளிகளுக்குள் ஒரு புரிதல், அவ்வளவுதான். 1947 ஏப்ரல் 15ல் கறுப்பினத்தவரான ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களம் இறங்கும் வரை அந்தப் புரிதல் மாறவில்லை.

இடைப்பட்ட காலத்தில் கறுப்பின வீரர்கள் தங்களுக்கென அணிகளை வைத்திருந்தார்கள். 1920 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரூப் ஃபாஸ்டர் கூட்டிய கூட்டத்தில் நீக்ரோ நேஷனல் லீக் பிறந்தது. அன்றைக்கு அதன் அதிகாரப்பூர்வப் பெயர் அது. பிறகு ஈஸ்டர்ன் கலர்டு லீக், அமெரிக்கன் நீக்ரோ லீக், ஈஸ்ட்-வெஸ்ட் லீக், நீக்ரோ சதர்ன் லீக், இரண்டாவது நீக்ரோ நேஷனல் லீக், நீக்ரோ அமெரிக்கன் லீக். மொத்தம் ஏழு.

1969ல் ஒரு சிறப்புக் குழு கூடி, எந்தெந்த லீகுகள் 'மேஜர்' என்று முடிவு செய்தது. 1884ல் ஒரே ஒரு சீசன் ஓடிப் படுத்துவிட்ட யூனியன் அசோசியேஷனுக்குக்கூட அந்தத் தகுதி கிடைத்தது. கறுப்பின லீகுகள் அந்தக் குழுவின் பேச்சிலேயே வரவில்லை. மறுத்திருந்தால்கூட ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். நினைக்கவே இல்லை என்பது அதைவிட மோசம்.

2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம் இதைச் சரிசெய்தது. 1920 முதல் 1948 வரையிலான அந்த ஏழு லீகுகளும் மேஜர் லீகுகளே என்று அறிவித்தது. அறிவிப்பு சுலபம், எண்களைச் சேர்ப்பது சுலபமில்லை. அதிகாரப்பூர்வ வரலாற்றாசிரியர் ஜான் தோர்ன் தலைமையில் குழு அமைத்து, 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் கணக்கைச் சேர்க்க மூன்றரை வருஷம் ஆனது. அப்போதும் அந்தக் காலகட்டத்துப் பதிவுகளில் சுமார் 72 சதவீதம்தான் கைக்கு வந்திருந்தது என்று அவர்களே சொன்னார்கள்.

எது லீக் ஆட்டம், எது ஊர் ஆட்டம்

குழப்பத்தின் மையம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வெள்ளையர் லீகில் ஒரு அணி சீசனுக்கு 154 ஆட்டம் ஆடும். அத்தனையும் லீக் ஆட்டம், அத்தனைக்கும் அட்டவணை உண்டு, அதிகாரப்பூர்வ ஸ்கோரர் உண்டு. கறுப்பின அணி ஒன்றுக்கு லீக் அட்டவணையில் பெரும்பாலும் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் இருக்கும். ஆனால் அந்த அணி சும்மா இருந்ததா என்றால் இல்லை, மொத்தமாகப் பார்த்தால் வெள்ளையர் அணியைவிட அதிக ஆட்டம் ஆடியிருக்கும். மைதானம் பெரும்பாலும் வாடகை, அதுவும் உரிமையாளரான வெள்ளையர் அணி வெளியூர் போயிருக்கும் நாட்களில்தான் கிடைக்கும். கூட்டம் சேருவது ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டுமே? பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊர் அணியுடன் ஆடி, வசூலில் பங்கு வாங்க வேண்டும்.

அந்த ஊர் அணிகள்தான் செமி-புரோ அணிகள். ஆடுபவர்களுக்குப் பகலில் ஆலையிலோ கடையிலோ வேலை இருக்கும். ஆட்டத்துக்கும் கொஞ்சம் பணம் வரும். சில அணிகள் தொழிற்சாலை நடத்துபவை, சில ஊரே சேர்ந்து நடத்துபவை. தரமும் ஒரே மாதிரி இருக்காது. நியூயார்க்கின் புரூக்ளின் புஷ்விக்ஸ் போன்ற அணியில் முன்னாள் மேஜர் லீக் வீரர்களே இருந்தார்கள். இன்னொரு ஊரில் பலசரக்குக் கடைக்காரர் பந்து வீசுவார்.

இந்த எல்லையும் நேர்கோடாக இல்லை. கிப்சன், பிட்சர் சாட்சல் பெய்ஜ் இருவரும் ஆடிய பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ், பேஸ்பால் வரலாற்றின் பலமான அணிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. தொடக்கத்தில் அது பிட்ஸ்பர்க் பையன்கள் சேர்ந்து ஆடிய செமி-புரோ அணி. புகழ்பெற்ற கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் 1930 சீசனோடு லீகை விட்டு வெளியேறி, 1937ல் புது லீகில் சேரும் வரை பெரும்பாலும் ஊர் சுற்றித்தான் ஆடியது. அதே வீரர்கள், அதே திறமை. ஆனால் லீக் கணக்கு என்று பார்த்தால் நடுவில் பெரிய பள்ளம்.

எல்லாவற்றுக்கும் மேல் 1935. நார்த் டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் ஊரில் நீல் சர்ச்சில் என்ற கார் வியாபாரி ஒரு செமி-புரோ அணி நடத்தினார். பெய்ஜ் உட்படக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே அணியில் ஆடினார்கள், அதுவும் ராபின்சனுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால். விச்சிட்டாவில் நடந்த முதல் தேசிய செமி-புரோ போட்டியை அந்த அணி வென்றது. அந்த ஒரே போட்டியில் பெய்ஜ் 60 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதாவது தன் பந்துவீச்சாலேயே அவுட் ஆக்கினார். அதிகாரப்பூர்வக் கணக்கில் அந்த 60க்கு மதிப்பு பூஜ்யம். பெய்ஜின் மேஜர் லீக் வெற்றிகள் 28லிருந்து 125 ஆக உயர்ந்தபோதும் இந்தப் போட்டியின் வெற்றிகள் அதில் இல்லை.

இப்போது கிப்சனின் பலகைக்கு வருவோம். அதில் உள்ள வாசகத்தின்படி அந்த 'கிட்டத்தட்ட 800', லீக் ஆட்டங்களிலும் சுயேச்சை ஆட்டங்களிலும் சேர்த்து. லீக் ஆட்டம், அதிலும் ஆதாரம் கிடைத்தவை மட்டும் என்று வடிகட்டினால் 174. யாரும் அவரிடமிருந்து 600 ஹோம் ரன்னைப் பிடுங்கவில்லை. அவை எண்ணப்படாத ஆட்டங்களில் அடித்தவை. அவற்றில் எத்தனை நிஜம், எத்தனை வாய்வழி வளர்ந்தவை என்பது தனி விசாரணை.

ஒரு பாக்ஸ் ஸ்கோரை எப்படிச் சரிபார்க்கிறார்கள்

ஆதாரம் என்றால் பாக்ஸ் ஸ்கோர். ஒரு ஆட்டத்தின் சுருக்கக் கணக்கு, பத்திரிகையில் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகும் பெட்டி. ஒவ்வொரு வீரருக்கும் அட்-பேட், ரன், ஹிட், பிடித்து அவுட் செய்தது, எறிந்து உதவியது, பிழை என்று எண்கள் வரிசையாக இருக்கும்.

இவற்றைப் பெரும்பாலும் வெளியிட்டவை சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள். முக்கியமாக வார இதழ்கள். ஒரு வாரத்தின் ஆட்டங்களை எல்லாம் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும், இடம் இல்லாவிட்டால் ஸ்கோர் மட்டும் ஒரு வரி. வெளியூர் ஆட்டத்துக்கு நிருபர் அனுப்பக் காசு இருக்காது, அணிகளே தகவல் அனுப்ப வேண்டும். தோற்ற அணி அனுப்ப மறந்துவிடும். இதையெல்லாம் மைக்ரோஃபிலிம் சுருள்களில் இருந்து ஆண்டுக்கணக்கில் தோண்டி எடுத்தவர்கள் லாரி லெஸ்டர், டிக் கிளார்க் போன்ற ஆய்வாளர்கள். பிறகு கேரி ஆஷ்வில்லும் நண்பர்களும் 'சீம்ஹெட்ஸ்' என்ற தரவுத்தளத்தில் ஆட்டம் ஆட்டமாக ஏற்றினார்கள். 2024 திருத்தத்தின் அடித்தளமே அந்த உழைப்பு.

கிடைத்த பெட்டியில் நான்கு விதச் சிக்கல் வரும்:

1. பெயர். குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். 'ஸ்மித்', 'வில்சன்' என்றால் எந்த ஸ்மித்? ஆடிய இடம், அந்த வாரம் அணி இருந்த ஊர் இவற்றை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

2. முரண். சொந்த ஊர்ப் பத்திரிகை இரண்டு ஹிட் என்கும், எதிரணி ஊர்ப் பத்திரிகை அதையே ஒரு ஹிட், ஒரு பிழை என்கும்.

3. ஆட்டத்தின் வகை. ஞாயிறு அன்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் நடக்கும், சில சமயம் அதில் ஒன்று மட்டுமே லீக் கணக்கு. எது என்று செய்தியைப் படித்தால்தான் தெரியும், சில நேரம் படித்தாலும் தெரியாது.

4. விடுபட்ட பத்தி. 'வாக்', அடித்துக் கொடுத்த ரன் போன்றவை அச்சாகியே இருக்காது.

நான்காவதற்கு ஒரு அழகான கணக்கு உண்டு. பேட் செய்ய வந்த ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு கதிதான்: ரன் எடுப்பார், அவுட் ஆவார், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் நின்றுகொண்டிருப்பார். ஆக, வந்தவர்களின் கூட்டுத்தொகையும் இந்த மூன்றின் கூட்டுத்தொகையும் சமமாக வேண்டும்.

உதாரணத்துக்கு நாமே ஒரு பெட்டி போட்டுக்கொள்வோம். ஒன்பது இன்னிங்ஸும் பேட் செய்த அணி, எனவே 27 அவுட். ரன் 4. பேஸில் விடப்பட்டவர்கள் 6. மொத்தம் 37 பேர் வந்திருக்க வேண்டும். பெட்டியில் அட்-பேட் 33, தியாக அடி (தான் அவுட் ஆகி மற்றவரை முன்னேற்றுவது, அட்-பேட்டில் சேராது) 1, ஆகமொத்தம் 34. இடிக்கும் 3 பேர் எங்கே? வீசிய பந்து மேலே பட்டு யாரும் பேஸுக்குப் போனதாகச் செய்தியில் இல்லை என்றால் அவை மூன்று 'வாக்'. அணிக்கு மூன்று என்று தெரிந்துவிட்டது, யாருக்கு என்று தெரியவில்லை. பேஸில் விடப்பட்டவர்கள் எண்ணிக்கையும் அச்சாகாமல் போயிருந்தால் அதுவும் போச்சு.

எண்பது வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆட்டத்துக்கே இத்தனை பாடு. இதைப் படித்துவிட்டு "எண்களை அள்ளித் தெளித்துவிட்டார்கள்" என்று சொல்வது கஷ்டம். தாராளம் காட்டியிருந்தால் 800 என்றே போட்டிருப்பார்கள்.

தகுதி வரம்பு: 5,000க்குப் பதில் 1,800

சராசரிப் பட்டியலில் இடம்பெற ஒரு குறைந்தபட்ச அட்-பேட் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆட்டத்தில் ஒரு ஹிட் அடித்துவிட்டுப் போனவர் 1.000 என்று முதலிடத்தில் உட்கார்ந்துகொள்வார். வழக்கமான லீகுகளுக்கு வாழ்நாள் வரம்பு 5,000 அட்-பேட். கறுப்பின லீக் வீரர்களுக்கு 1,800 என்று வைத்தார்கள். அங்கே சீசன் குட்டை என்பதால், அதே அளவு நீண்ட வாழ்க்கையை அந்தச் சீசன்களில் அளந்தால் என்ன வருமோ அது.

ஒரு சீசன் சாதனையில் கிப்சனின் 1943 கணக்கு .466. முன்பு முதலிடத்தில் இருந்தது 1894ல் ஹியூ டஃபி அடித்த .440. இங்கேதான் ஆட்சேபம் வலுவாக வரும், அதை ஒதுக்கிவிட முடியாது. ஆட்டம் குறைய குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். நிஜத் திறமை .350 உள்ள பேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 550 அட்-பேட்டில் அவர் சராசரி தற்செயலாகவே சுமார் 20 புள்ளி (.020) மேலே கீழே ஆடும், 250 அட்-பேட்டில் சுமார் 30 புள்ளி. ஆகவே குட்டைச் சீசனில் உச்சங்கள் இன்னும் உயரமாக வரும். ஒரு சீசன் சாதனைகளை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

ஆனால் அதே எச்சரிக்கை எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டுமே. கொரோனா வருஷமான 2020ல் மேஜர் லீக் ஆடியது வெறும் 60 ஆட்டம். டி.ஜே. லமேயு .364 அடித்து அமெரிக்கன் லீகின் பேட்டிங் பட்டம் வாங்கினார், பட்டியலில் இருக்கிறது. 1943 மட்டும் உறுத்துவானேன்?

வழக்கமாக வரும் மற்ற இரண்டு கேள்விகள்

1. "எதிரணி பலவீனமாக இருந்திருக்கும்." சில அணிகள் பலவீனம்தான், லீகுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு அதிகம். மொத்தத் தரத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. கதவு திறந்த பின், 1949 முதல் 1953 வரை நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருது பெற்ற ஐவர்: டான் நியூகோம்ப், சாம் ஜெத்ரோ, வில்லி மேஸ், ஜோ பிளாக், ஜிம் கில்லியம். ஐந்து பேரும் கறுப்பின லீகுகளில் இருந்து வந்தவர்கள். டை காப் ஆடிய காலத்து மேஜர் லீக், இப்படிப்பட்டவர்களை வெளியே நிறுத்திவிட்டு நடந்த போட்டி என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வடிகட்டல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

2. "பழைய பட்டியல் துல்லியமானது, இது மதிப்பீடு." டை காப்பின் 1910 சீசன் கணக்கில் ஓர் ஆட்டம் இரண்டு முறை ஏறியிருந்ததை ஆய்வாளர்கள் பிற்பாடு கண்டுபிடித்து, 1981ல் அது வெளியே வந்தது. கமிஷனர் போவி கூன் திருத்த மறுத்துவிட்டார். அதனால்தான் ஒரு பட்டியலில் .367, இன்னொன்றில் .366 என்று இன்றைக்கும் பார்க்கிறோம். அதிகாரப்பூர்வ ஸ்கோரர்கள் இருந்த லீகின் மிகப் பெரிய நட்சத்திரத்துக்கே இந்த நிலைமை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை அதிகம் பேர் கேட்பதில்லை. காணாமல் போன 28 சதவீதம் சீராகக் காணாமல் போகவில்லை. பெரிய ஊர், ஞாயிற்றுக்கிழமை, பிரபல அணி என்றால் பத்திரிகையில் பெட்டி வந்திருக்கும். சின்ன ஊரில் வார நாளில் நடந்த லீக் ஆட்டம் என்றால் சந்தேகம். இது ஒரு வீரரின் சராசரியை ஏற்றுமா இறக்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே .372 என்ற எண்ணின் மூன்றாவது இலக்கத்தை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தம் இல்லை.

யாருக்கு என்ன மாறியது, யாருக்கு மாறவில்லை

ஜாக்கி ராபின்சனின் ஹிட் 1,518லிருந்து 1,567 ஆனது. 1945ல் மோனார்க்ஸுக்காக அடித்த 49 சேர்ந்தது. மினி மினோசோ 2,000 ஹிட்டைத் தாண்டினார். ஆஸ்கர் சார்ல்ஸ்டன் .363 உடன் வாழ்நாள் சராசரியில் மூன்றாமிடம். பேப் ரூத்தின் வாழ்நாள் ஸ்லக்கிங் சாதனையான .690ஐ கிப்சனின் .718 தாண்டியது; அடியின் நீளத்தையும் சேர்த்து அளக்கும் கணக்கு அது.

ஹாங்க் ஆரனுக்கு எதுவும் மாறவில்லை. 1952ல் அவர் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பின லீக் அணியில்தான் தொடங்கினார். ஆனால் எல்லை 1948ல் முடிகிறது. ராபின்சனுக்குப் பிறகு நட்சத்திரங்கள் மேஜர் லீகுக்குப் போய்விட, அந்த லீகுகளின் தரம் இறங்கியது என்பது நியாயம். எனவே அவர் ஹோம் ரன் 755தான். 1920க்கு முன்னால் ஒழுங்கான லீக் இல்லாத காலத்தில் ஆடியவர்களும் இதே போல் எல்லைக்கு வெளியே.

வில்லி மேஸ் கதை இன்னும் நுணுக்கம். 1948ல் பர்மிங்ஹாம் பிளாக் பாரன்ஸில் பள்ளிப் பையனாக ஆடியபோது அடித்த 10 ஹிட் சேர்ந்து அவர் கணக்கு 3,293 ஆனது. அந்த வருஷம் ஆகஸ்டில் அவர் ஒரு ஹோம் ரன் அடித்ததாகப் பத்திரிகைச் செய்தி உண்டு. பாக்ஸ் ஸ்கோர் இல்லை. அதனால் ஹோம் ரன் 660லேயே நிற்கிறது; எங்காவது ஒரு சுருளில் அந்தப் பெட்டி அகப்பட்டால் 661 ஆகும்.